மலைப் பக்கத்துச் சுவர்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்குள் போக இப்போது நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். செருப்பை வெளியில் விட வேண்டும், சுவரைத் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. இத்தனை வருஷம் நான் கூட்டிப் பெருக்கிய கூடத்தில் கயிறு கட்டி, இதற்கு அப்பால் வர வேண்டாம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான். அதன் மேற்குச் சுவரைப் பற்றிய பயம். அந்தச் சுவர் விழுவதற்குள், அதை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்திருந்த என் மாமியாரை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப் பாதையில் நடந்தால் வீடு வரும். சுற்றுவட்டாரமே மண்சுவரும் கூரையுமாக இருந்த காலத்தில், அடியிலிருந்து மச்சு வரைக்கும் செங்கல்லாலேயே எழும்பிய பண்ணை வீடு அது. ஊரில் அதற்குச் ‘செங்கல் வூடு’ என்றே பெயர். கட்டியவர் என் மாமனாருடைய தாத்தா. நுழைந்ததும் நெல் கொட்டுகிற பெரிய கூடம், இரண்டு பக்கமும் தானிய அறைகள், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், எல்லாம் தாண்டிக் கடைசியில் மேற்குப் பக்கம் பெண்கள் அறை. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பைக் கொட்டி இடித்து இறுக்கிய மச்சு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தச் செங்கல்லை எங்கேயும் வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே மண்ணை வெட்டி, அறுத்து, அங்கேயே காளவாய் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். மண் எடுத்த இடம் பள்ளமாகி, பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குட்டையாகிவிட்டது. மேற்குச் சுவருக்கும் குட்டைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலம்தான் கரை. வீடு எவ்வளவு மேலே போயிற்றோ அவ்வளவு மண் கீழே இல்லாமல் போயிற்று. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அந்தக் கரையில் நின்று பார்த்தேன். உடனே உள்ளே திரும்பி வந்துவிட்டேன். யாரிடம் சொல்ல முடியும்? புது மருமகள் வந்ததும் வீட்டு அஸ்திவாரத்தைக் குறை சொல்கிறாள் என்றால் நன்றாகவா இருக்கும்?

அந்த மேற்குச் சுவரில் ஜன்னல் கிடையாது. ஒரு காற்றுத் துவாரம்கூடக் கிடையாது. கல்வராயன் மலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சல் வந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். மலையிலிருந்து இறங்குகிற காற்றில்தான் காய்ச்சல் வருகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். வீடு கட்டியவருக்கும் தலைப்பிள்ளை அந்தக் காய்ச்சலில்தான் போயிருக்கிறது. அதனால் பெண்டு பிள்ளைகள் படுக்கிற அறையில் மலைப் பக்கம் ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல், கை முழுக்க நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத அளவுக்குத் தடிமனாக அந்தச் சுவரை எழுப்பிவிட்டார். கொசு பரப்புகிற காய்ச்சலுக்குத் தப்பிக்கச் சுவர் எழுப்பிவிட்டு, சுவருக்கு அடியிலேயே குட்டையை வெட்டி வைத்திருக்கிறாரே என்று நான் ஒருமுறை சொன்னேன். என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நான் சின்னசேலத்துப் பெண். அப்பாவுக்கு ஸ்டேஷனில் வேலை. தண்டவாளத்தை ஒட்டிய குவாட்டர்ஸில் வளர்ந்தேன். கூட்ஸ் வண்டி போகும்போது பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும், சுவர் அதிரும், வண்டி போனதும் நின்றுவிடும். அதனால் சுவர் அசைவது எனக்குப் புதிது இல்லை. ஆனால் செங்கல் வூட்டில் ரயில் கிடையாது. மத்தியானத்தில், வீட்டில் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், அந்த அறையில் படுத்திருந்தால் சுவருக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து உட்காருவது காதில் விழும். பொரபொரவென்று கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிரும். மாமியாரிடம் சொன்னேன்.

“ரயிலு வூட்ல பொறந்தவளுக்கு எங்க போனாலும் ரயிலு ஓட்ற சத்தந்தான் கேக்கும்” என்றார். அன்றிலிருந்து எனக்கு ‘ரயில்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்.

என் மாமியார் குள்ளமான ஆள். குரல் மட்டும் ஆறடி. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்து, பாவாடை கட்டுகிற வயது தாண்டினதுமே இந்த வீட்டுக்கு வந்தவர். வந்த அன்று அந்த மேற்கு அறையைக் காட்டி, இதுதான் உன் இடம் என்று விட்டார்களாம். என் மாமனார் போன பிறகும் அதே அறை, அதே கட்டில், அதே சுவர். அந்தச் சுவரில் ஒரு விளக்கு மாடம் இருந்தது. சாயந்திரம் அகலில் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கும். அகலைத் திருப்பி வைத்தாலும் அதே பக்கம்தான் ஒதுங்கும், குட்டைப் பக்கம். நான் பார்த்துவிட்டுப் பேசாமல் திரியைச் சரி செய்துவிட்டு வந்துவிடுவேன்.

விரிசல் அந்தச் சுவரின் வடக்கு மூலையில் இருந்தது. மேலேயிருந்து கீழே வரைக்கும், நூல் பிடித்தாற்போல. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் தெரியும், ஒவ்வொரு பொங்கலுக்கும் மறைந்துவிடும். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முந்தின நாள், வீட்டு மூத்த மருமகள் குளித்து முழுகி, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து, எந்தச் சுவரில் விரிசல் இருந்தாலும் உள்ளும் புறமும் தன் கையாலேயே அடைக்க வேண்டும். பொங்கலன்று வாய் திறந்த சுவர் வீட்டில் இருக்கக்கூடாது. இருந்தால் அந்த வருஷம் வீட்டில் ஒரு ஆள் குறையும் என்பார்கள். நான் அடைப்பது திருப்தியாக இல்லை என்று மாமியாரே முக்காலி போட்டு ஏறி, விரலால் சுண்ணாம்பை அந்த விரிசலுக்குள் அழுத்தி அழுத்தித் தள்ளுவார். மறுநாள் நீலம் கலந்த வெள்ளை அதன் மேல் ஏறிவிடும். பிறகு பார்த்தால் சுவர் நேற்றுக் கட்டியதுபோல நிற்கும். அவர் கையைக் கழுவிக்கொண்டே ஒருமுறை சுவரைத் தட்டிக் கொடுப்பார்.

இதில் இருந்த தப்பு வெகு காலம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வருஷா வருஷம் விரிசல் நூல் அளவில்தான் தெரிந்தது, அதனால் அது நூல் அளவாகவே இருக்கிறது என்று நினைத்துவிட்டோம். போன வருஷத்து நூலை அடைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இந்த வருஷத்து நூல் பிறக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. சுவர் விலக விலக நாங்கள் பொங்கல் கொண்டாடிக்கொண்டே அந்த இடைவெளியை நிரப்பி வந்திருக்கிறோம்.

பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள். நிலத்தில் பாதி கை மாறியது. அவ்வளவு பெரிய வீட்டை எங்களால் கட்டி மாரடிக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளையின் ஆட்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இப்படி ஒரு செங்கல் பண்ணை வீடு முழுசாகக் கிடைப்பது அபூர்வம், இதை உழவு அருங்காட்சியகமாக ஆக்கலாம் என்றார்கள். ஏர், பரம்பு, ஏற்றம், நெல் அளக்கிற மரக்கால் எல்லாவற்றையும் அறைகளில் வைப்பார்களாம். என் கணவருக்கு இடிப்பதைவிட இது தேவலை என்று பட்டது. நாங்கள் கச்சிராயபாளையத்தில் ரோட்டோரமாக ஒரு சின்னக் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டோம்.

மாமியார் வர மாட்டேன் என்றார். வீட்டைக் கொடுங்கள், என் அறையைக் கொடுக்காதீர்கள் என்றார். அறக்கட்டளைக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கோ சந்தோஷம். அந்த வீட்டிலேயே வாழ்ந்த அம்மா அந்த வீட்டிலேயே இருப்பது அருங்காட்சியகத்துக்கே பெருமை என்று அதன் பொறுப்பாளர் சொன்னார். நல்ல மனிதர்தான், பேச்சில் மரியாதை உண்டு. ஆனால் என் மாமியாரை அவர் பார்த்த பார்வையும் மரக்காலைப் பார்த்த பார்வையும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தது. திறந்த மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அறை வாசலில் நின்று ஒரு பெண் குழந்தை பக்கத்துப் பிள்ளையிடம், “இந்த ஆயா நெசமாவே உசுரோட கீதா?” என்று கேட்டது.

“கிட்ட வந்து கிள்ளிப் பாரு, தெரியும்” என்றார் என் மாமியார். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அன்று முழுக்க அவருக்கு ஒரே சிரிப்பு.

அருங்காட்சியகத்தில் அடுப்பு எரிக்கக்கூடாது என்பதால் தினமும் நான்தான் சாப்பாடு எடுத்துப் போவேன். காலை பஸ்ஸில் போய், அவரோடு இருந்துவிட்டு, சாயந்திரம் திரும்புவேன். அந்தக் கோடையில் ஒரு நாள் போனபோது குட்டைக் கரையில் சாரம் கட்டியிருந்தார்கள். பழைய செங்கல் வெளியில் தெரிய வேண்டும் என்று மேற்குச் சுவரின் வெளிப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கு மூலைக்கு வந்ததும் கொத்தனார் கையை நிறுத்திவிட்டார். சுண்ணாம்பு தூளாக உதிரவில்லை. பாளம் பாளமாக, கனமாக, அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் நீலக் கோடு. எத்தனை பொங்கல் அதில் இருந்ததோ. பெயர்ந்த இடத்தில் கொத்தனாரின் முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. கையை வெளியே எடுத்தபோது விரலெல்லாம் ஈரம்.

“ஒன்னும் ஆவாதுங்க” என்றார் கொத்தனார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அறக்கட்டளை இன்ஜினீயர் வந்து விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அப்போது தெரிந்துவிடும் என்றார். ஆடிக் காற்று அடங்குவதற்குள் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. அறையைக் காலி செய்யச் சொன்னார். என் கணவர் போய்ச் சொன்னார், அழுதார். மகன் அழுவதைப் பார்த்து மாமியார் அவருக்குத் தலைவலித் தைலம் கொடுத்து அனுப்பினார். நான் போனேன். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

“அத்த, சுவரு வுழப் போவுது. ஒங்க மேலதான் வுழும். ஒங்களுக்கு இன்னா புரியல?”

“வெளிப்பூச்ச சொரண்டனானுங்க இல்ல, அதுல வந்த வென. பேசாம வெள்ளையடிச்சா சரியாப் பூடும்.”

“உள்ள கை போவுது அத்த. மொழங்கை வரிக்கும் போவுது.”

“நான் வந்தப்பவும் அது இருந்துது. எங்க மாமியா அடச்சாங்க, அப்பால நான் அடச்சேன். நீ ஒரு வருசம் ஒழுங்கா அடச்சியா?”

“எங்க வூட்டுக்கு வந்துடுங்க. ஜன்னலாண்ட கட்டில் போட்டுத் தரேன். ஒரு கொறையும் வராது.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இங்க நீ என் வூட்டுக்கு வந்துகினு போய்கினு கீற. அங்க வந்தா நான் ஒன் வூட்ல கெடக்கணும். அது வாணாம்.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது சுவருக்குத் தெரியுமா?

நான் அந்தப் பக்கம் போனதும் அவர் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பு குழைக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் நான் போனபோது உள்ளேயும் வெளியேயும் விரிசல் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. புரட்டாசியில் பொங்கல் வந்துவிட்டது. கொத்தனார் வாசலில் நின்று, “ஆத்தா சொன்னாங்க, அதான்” என்று தலையைச் சொறிந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. இன்ஜினீயர் அடுத்து வரும்போது எதைப் பார்த்து அளப்பார்? சுவர் நிற்கிறதா நகர்கிறதா என்று சொல்ல இனி ஒரு அடையாளமும் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கோமுகி அணை நிரம்பி வாய்க்காலில் செந்தண்ணீர் ஓடியது. குட்டை கரை ஏறி, சுவரின் முதல் வரிசைச் செங்கல்லை நனைத்தது. தினமும் போனவுடன் கரைக்குப் போய்த் தண்ணீர் எந்த வரிசை வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். பிறகுதான் உள்ளே போவேன். அறைக் கதவு நிலையில் சிக்க ஆரம்பித்தது. முதலில் லேசாகத் தட்டினால் திறந்தது, பிறகு தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. சுவரோரமாக எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தன. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து அவற்றுக்குச் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தார். நான் கட்டிலைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அது பழைய இடத்திலேயே கிடந்தது. அருங்காட்சியக வாட்ச்மேனை விட்டுத் தள்ளச் சொல்லியிருந்தார்.

அந்த நாட்களில் அவர் சாப்பிடும்போது நான் அவரைப் பார்க்க மாட்டேன், சுவரைத்தான் பார்ப்பேன். அவருக்குப் பின்னால் வெள்ளையாக, அமைதியாக நிற்கும். அதன் அமைதிதான் என்னைக் கொன்றது. ஒவ்வொரு முறை வீட்டுக்குத் திரும்பும்போதும், நாளைக்கு வந்தால் இவர் இருப்பாரா என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவேன். எங்கள் கான்கிரீட் வீட்டில் மழை பெய்கிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். என் கணவரும் தூங்காமல்தான் கிடப்பார்.

அன்றைக்கு விடிந்தும் மழை விடவில்லை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு வண்டிப் பாதையில் பாதி தூரம் வந்திருப்பேன். கரும்பு லோடு ஒன்று மொத்தமாகச் சரிந்ததுபோல ஒரு சத்தம். அதன் பின்னாலேயே தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. மழைகூட நின்றுவிட்டதுபோல இருந்தது. இன்னதென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடை எங்கே போயிற்று, சாப்பாடு எங்கே போயிற்று, தெரியவில்லை. சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். முற்றம் தாண்டி அறைக் கதவைத் தள்ளினால் அசையவே இல்லை. வாட்ச்மேனும் நானும் சேர்ந்து இடித்தோம். உள்ளேயிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. அத்த, அத்த என்று கத்தினேன். வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், திட்டவும் திட்டினேன்.

கதவு திறந்ததும் முதலில் கண் கூசியது. அந்த அறையில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

சுவர் வெளிப்பக்கமாக, குட்டைக்குள் சாய்ந்திருந்தது. முழுசாக, மூலையிலிருந்து மூலை வரைக்கும். உத்தரங்கள் இரண்டு பக்கத்துக் குறுக்குச் சுவர்களின் மேல் உட்கார்ந்திருந்ததால் மச்சு அப்படியே நின்றது. மேற்குச் சுவர் இத்தனை வருஷமும் தன்னை மட்டும்தான் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது. கட்டிலின் இரண்டு கால்கள் தரையின் ஓரத்தில் இருந்தன. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, கீழே சிவப்புத் தண்ணீர்தான். கட்டிலின் மேல் என் மாமியார் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

நான் போய் அவரைக் கட்டிப் பிடித்தேன். கத்தினேன், என்னென்னவோ சொன்னேன். அவர் என் கையை விலக்கினார்.

“இன்னாத்துக்குக் கத்தற? அங்க பாரு.”

மழை விட்டிருந்தது. குட்டைக்கு அப்பால் நெல் வயல்கள், அதற்கு அப்பால் மலை. மேகம் பாதி மலையை மூடியிருந்தது. மழைத் தண்ணீர் வெள்ளைக் கோடாக மலைமேல் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மலையை நாங்கள் பார்க்காதவர்களா? ரோட்டுக்கு வந்தால் மலை, வயலுக்குப் போனால் மலை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்தபடி யாரும் அந்த வீட்டில் அதைப் பார்த்ததில்லை.

“அந்தப் பனைமரம் தெரியுதா? தோ, அடிவாரத்துல, வரிசையா. அது எங்கூரு ஏரிக்கர” என்றார். “நான் படுத்துக்கினு கீற எடத்துக்கு நேரா கீது பாருடி. இத்தினி நாளும் நேராதான் இருந்திருக்குது.”

அவர் குரல் உடைந்தது. அவரை வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், குரல் உடைந்து பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அவர் பக்கத்தில் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வாட்ச்மேன், எழுந்து வாங்கம்மா, எழுந்து வாங்கம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகாவது வருவார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் அசையவே மாட்டேன் என்றார். இரும்பு முட்டு கொடுத்து மச்சைத் தாங்கினார்கள். திறந்த பக்கத்தில் தார்ப்பாய் கட்டினார்கள். கட்டிலை உள்ளே தள்ளிப் போட மட்டும் சம்மதித்தார். விடிந்ததும் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டச் சொல்லுவார். நாள் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எங்கே மேகம் இறங்குகிறது, எந்தப் பக்கம் தீ வைத்துக் கொல்லை எரிக்கிறார்கள், ஏரிக்கரையில் யார் மாடு போகிறது என்று எனக்குச் சொல்லுவார். கண் அவ்வளவு தூரம் தெரியாது, பாதி அவராகவே சொல்வதுதான். நானும் ஆமாம் ஆமாம் என்பேன்.

தை மாதம் வேலை ஆரம்பித்தார்கள். குட்டையை இறைத்து, கரைக்குக் கருங்கல் கட்டி, ஆழமாக அஸ்திவாரம் போட்டார்கள். விழுந்த செங்கல்லையெல்லாம் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி அடுக்கினார்கள். பொறுப்பாளர் சென்னையிலிருந்து வந்தார். மாமியார் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, அன்று கேட்டார்.

“ஒரு ஜன்னல் வச்சிடுங்க சார். பெருசா வாணாம். படுத்துக்கினு பாக்கற மாரி.”

பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னார். “இந்தச் சுவர்ல ஜன்னல் இருந்ததில்லைங்கம்மா. பழைய போட்டோ இருக்கு. எப்படி இருந்துதோ அப்படியேதான் கட்டணும். நாம ஒண்ணு சேர்த்தா அப்புறம் இது அந்தக் காலத்து வீடே இல்லைன்னு ஆயிடும்.”

“மலக்காய்ச்சலுக்குப் பயந்துகினு கட்டனது சார் அது. இப்பதான் மலக்காய்ச்சலே கம்மியாப் பூட்சே.”

“அதைத்தாம்மா நாங்க வர்றவங்களுக்குச் சொல்றோம். காய்ச்சலுக்குப் பயந்து ஜன்னலே வைக்கலைன்னு. அதான் இந்த வீட்டோட விசேஷமே.”

நான் குறுக்கே புகுந்தேன். “அந்த விசேஷத்துக்குள்ள படுத்திருந்தது இவங்கதான் சார். நீங்களா வந்து படுக்கப் போறீங்க?” என்று கேட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவரும் பிறகு தனியாகப் போய்ப் பொறுப்பாளரிடம் கெஞ்சிப் பார்த்தார், எனக்குத் தெரியும். வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. எங்கள் பேச்சுக்கு அங்கே மரியாதை இருந்தது, அதிகாரம் இல்லை.

சுவர் எழும்ப ஆரம்பித்தது. சுண்ணாம்புக் கலவை என்பதால் ஒரு நாளைக்குச் சில வரிசைதான் வைப்பார்கள், காய விட்டு மறுபடி வைப்பார்கள். அதே தடிமன், அதே செங்கல். நான் காலையில் போகும்போதெல்லாம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். சுவர் விழுந்துவிடுமே என்று பயந்ததைவிட அது எழும்புவதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. கொத்தனார்கள் வெளியில் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்வார்கள். அறையில் வெளிச்சம் கீழேயிருந்து மேலாக வற்றிக்கொண்டே வந்தது. தரையில் முதலில் இருட்டு வந்தது, பிறகு கட்டில் காலுக்கு வந்தது. மாமியார் என்னை ரயில்காரி என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

முதல் சில நாள் அவர் படுத்தபடியே பார்த்தார். செங்கல் கட்டில் உயரத்துக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு தலையணையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பிறகு உட்கார்ந்து பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. கட்டிலை விட்டு இறங்கி, புதுச் சுவரின் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றார். கலவை ஈரம் கையில் ஒட்டும், துடைத்துக்கொள்ள மாட்டார். முதுகு கூன் விழுந்த உடம்பு, நிமிர்ந்து நிற்பதே அவருக்குச் சிரமம். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றால் வேண்டாம் என்பார். கொத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த செங்கல்லை வைக்க வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆத்தா கொஞ்சம் தள்ளிக்கோ என்று சொல்ல முடியாமல் வேறு இடத்தில் போய் வைப்பார். ஆனால் கடைசியில் அங்கேயும் வைத்துத்தானே ஆக வேண்டும்.

ஒரு காலையில் நான் போனபோது அவர் கால் விரல்களை ஊன்றி, முகவாயைத் தூக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. புதுச் செங்கல் அவர் நெற்றிக்கு மேல் இருந்தது. அதற்கு மேலே வானம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, பிறகு மெதுவாகக் குதிகாலைத் தரையில் வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“எட்டலடி” என்றார். “என் பொடவைங்கள எடுத்துக்க. ஒன் வூட்டுக்குப் போலாம்.”